உரோஷின் பெயரில் ஒரு மதியச் சாப்பாடு

“அப்படின்னா இவ்வளவு நாளா அங்க சாப்பிட்டது யாரு?”

அம்மா இதைத்தான் கேட்டாள். போலீஸ்காரர் தொப்பியைக் கையில் பிடித்தபடி எங்கள் சமையலறையில் நின்றிருந்தார். என் அண்ணன் உரோஷ் நோவி சாத் நகரத்தில் ஒரு கட்டடத்தின் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். மேஸ்திரி அவனை ஆஸ்பத்திரி வாசலில் போட்டுவிட்டு ஓடிவிட்டான். மார்ச் முழுக்கப் பெயரில்லாத நோயாளியாக நினைவின்றிக் கிடந்து, முந்தின வாரம் இறந்துபோனான். கூட வேலை பார்த்த ஒருவர் மனசு கேட்காமல் அவனுடைய பையைக் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் ஊரும் பேரும் தெரிந்ததாம். போலீஸ்காரர் இவ்வளவையும் சொல்லி முடித்தபோது அம்மா அழவில்லை. என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

உரோஷ் நீஷ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தான். மாதக் கடைசியில் ஊருக்கு வரும்போது, மாணவர் சாப்பாட்டு அட்டையில் மிஞ்சிப்போன காலைச் சாப்பாட்டுக்கெல்லாம் ஈரல் விழுது டப்பாக்களாக வாங்கி வருவான். மாதம் முடிந்தால் மிச்சம் செல்லாது என்பதால் மாணவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். பிப்ரவரி கடைசியில் டப்பாவும் வரவில்லை, அவனும் வரவில்லை. போனை எடுக்கவில்லை. அம்மா நேராகப் பல்கலைக்கழகத்து மாணவர் உணவுக்கூடமான மென்ஸாவுக்கே போன் போட்டாள். அவளுக்குப் பாடம், பரீட்சை எதுவும் புரியாது. பிள்ளை சாப்பிட்டானா என்பது புரியும்.

மென்ஸாவில் போனை எடுத்தது வாசலில் அட்டை பார்க்கும் பெண்மணி. “உரோஷா? தினம் வர்றானே! நேத்து பீன்ஸ் குழம்பு, ரெண்டு துண்டு ரொட்டி. எங்கயாவது காதலிச்சுக்கிட்டு இருப்பான், விடும்மா. வயித்துக்குக் குறையில்ல” என்றார்.

அம்மா சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். அடுத்த வாரமும் கூப்பிட்டாள். அதே பதில். நான் போலீஸில் சொல்லலாம் என்றேன். அங்கேயும் அதைத்தான் சொன்னார்கள்: “தினம் மூணு வேளை சாப்பிடுற பையன் எப்படிம்மா காணாமப் போவான்? கோவமா இருக்கான், வருவான்.” நாங்கள் காத்திருந்தோம். அந்த நாட்களில் அவன் உயிரோடு இருந்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் நான் பஸ் ஏறி நீஷுக்குப் போனேன். மதிய நேரம். மென்ஸாவின் வரிசை படிக்கட்டு வரை நீண்டிருந்தது. புளித்த முட்டைக்கோஸ் வாசனையும் ஈரத் தட்டுகளின் வாசனையும் அடித்தன. வாசலில் ஓர் உயரமான நாற்காலியில், வெள்ளைக் கோட்டுக்கு மேல் கம்பளி மேல்சட்டை போட்ட ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். மாணவர்கள் அட்டையைக் கருவியில் வைத்ததும் சின்னத் திரையில் பெயரும் படமும் வரும். அவர் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்து உள்ளே அனுப்புவார்.

“யோவானா, என்னடி முகம் வெளுத்துக் கிடக்கு? சூப்பு ரெண்டு கரண்டி வாங்கிக்கோ.”

“தெசா அத்தை, இன்னைக்குக் கோழி இருக்கா?”

“இருந்துச்சு. உன்னை மாதிரி தூங்கி எழுந்து வர்றவனுக்கு எலும்புதான்.”

எனக்கு முன்னால் ஐந்தாறு பேர் இருக்கும்போது, ஒல்லியான செம்பட்டை முடிக்காரன் ஒருவன் அட்டையை வைத்தான்.

“உரோஷ், கண்ணு, நல்லா சாப்பிடு” என்றார் அவர்.

நான் வரிசையை விட்டு வெளியே வந்து அவன் கையைப் பிடித்தேன். “நீ உரோஷ் இல்ல” என்றேன்.

அவன் பெயர் வேல்கோ. அண்ணனின் அறைத்தோழன். போன வருஷம் பரீட்சையில் தோற்றதால் அரசாங்க விலைச் சாப்பாடு அவனுக்கு நின்றுபோனது. அடுத்த பருவத்துச் செலவுக்கு அம்மாவிடம் கேட்கக்கூடாது என்று உரோஷ் வேலைக்குப் போனபோது, அட்டையை இவனிடம் கொடுத்திருக்கிறான். “நான் வர்ற வரைக்கும் நீ சாப்பிடு, வீட்ல மட்டும் சொல்லிடாதே” என்று கேட்டுக்கொண்டானாம். இதை வேல்கோ சமையலறைக்குப் பின்னால் இருந்த பால் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து சொன்னான். உரோஷ் இறந்துவிட்டான் என்று நான் சொன்னதும் தரையில் வாந்தி எடுத்தான். பாவம் என்று தோன்றவில்லை எனக்கு. அப்போது எதுவுமே தோன்றவில்லை.

தெசாங்கா என்கிற தெசா அத்தை வேறு ஒருத்தியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வந்தார்.

“இவன் உரோஷ் இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியும்.”

“அப்புறம் ஏன் எங்கம்மாகிட்ட அப்படிச் சொன்னீங்க?”

அவர் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். முன்பு தட்டு கழுவுகிற இடத்தில் இருந்தாராம். சுடுநீரில் கைத்தோல் உரிந்து போனதால் வாசலில் போட்டார்கள். வந்த புதிதில் ஒரு பெண் தோழியின் அட்டையோடு வந்தாள். விதிப்படி அட்டையைப் பிடுங்கிக்கொண்டார். அந்தப் பெண் மறுபடி வரவே இல்லை. படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து தெசாங்கா முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். திரையில் என்ன பெயரோ, வந்தவன் அவன்தான். அதிகாரிகள் இரண்டு முறை சம்பளத்தைப் பிடித்தும் அவர் மாறவில்லை. பசியோடு யாரையும் திருப்பி அனுப்பாத வாசல் என்று அந்த வாசலுக்குப் பெயர்.

“எல்லா அம்மாவும் போன் பண்ணுவாங்க, பாப்பா. எல்லாருக்கும் சாப்பிடுறான்னுதான் சொல்வேன். இல்லைன்னு சொன்னா இந்தப் பையனோட சோறு போயிடும். உங்கம்மாவுக்கும் அந்த ஒரு வார்த்தைதானே வேணும்னு நெனச்சேன்.”

“எங்கம்மாவுக்கு அவன் வேணும்.”

உள்ளே யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அவரை வெறுக்கத்தான் அங்கே போனேன். முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. அந்த மாதமே அவர் எங்கள் ஊருக்கு வந்தார். அம்மா கதவைத் திறந்தாள். அவர் யார் என்று சொன்னதும், “குரல் தெரியுது” என்று மட்டும் சொல்லிக் கதவை மூடிவிட்டாள். தெசாங்கா பஸ் வரும் வரை சாலையோரம் நின்றார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதும் அவர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். ஒவ்வொரு முகத்தையும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாராம். மாணவர்கள் அவரைப் ‘போலீஸ் தெசா’ என்கிறார்கள். யாரும் அத்தை என்று கூப்பிடுவதில்லை. வேல்கோ படிப்பை விட்டுவிட்டான். யாராவது ஒரு அம்மா போன் செய்தால் தெசாங்கா, “எனக்குத் தெரியாதும்மா, நீங்களே வந்து பாருங்க” என்கிறாராம். சரியான பதில் அதுதான். ஆனால் அந்த வாசலில் இப்போது பசியோடு திரும்பிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து எப்படி யோசிப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். விடுதியில் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் அவர்கள் தோழர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். இன்னொருவன் அட்டையில் சாப்பிடுகிறவன் சாப்பிடட்டும். ஆனால் அட்டைக்காரன் எங்கே போனான் என்று அவன் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். இதைப் படித்தவர்கள் படிக்காதவர்களுக்குச் சொல்லுங்கள், கேட்டவர்கள் அடுத்தவருக்குச் சொல்லுங்கள்.