கேப்டன் திரும்பி உட்காரும் நாள்

வெர்லின் அகஸ்டினைப் பற்றி எங்கள் குன்றில் யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். அதனால் என்னைக் கேளுங்கள். அடுத்த வீட்டில் பிறந்து, வளர்ந்து, வயிறெரிந்தவள் நான்.

எல்லாம் அவள் மாமா செல்வினிடமிருந்து ஆரம்பம். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பாதி மேளக் குழுக்களுக்கு அவர்தான் பான் சுருதி சேர்ப்பவர். எண்ணெய்ப் பீப்பாயின் அடியைத் தட்டிக் குழித்து சுரம் ஏற்றிய அந்த மேளத்தில் ஒன்றை, அக்கா மகளுக்கென்று வீட்டிலேயே மாட்டிக் கொடுத்தார். பாவாடை கட்டத் தெரியாத வயதில் அவளுக்குச் சொந்தப் பான். நான் வாசிக்க வேண்டுமென்றால் எங்கள் குன்றுக் குழுவின் முற்றத்துக்குப் போய், பெரியவர்கள் களைத்துக் கோலைக் கீழே வைக்கும்வரை காத்துக் கிடக்க வேண்டும். சுவர் வழியாக அவள் வாசிப்பு மட்டும் இலவசமாகக் கேட்கும்.

பிறகு, யாருக்கு எந்த உயர்நிலைப் பள்ளி என்று முடிவு செய்யும் காமன் என்ட்ரன்ஸ் தேர்வு வந்தது. அவளுக்குத் தனி டியூஷன். எனக்கு இடுப்பில் ஒரு தம்பி, காலடியில் இன்னொருவன். அவள் கான்வென்ட்டுக்குப் போனாள். நான் பெயர் சொல்லக் கூசும் ஒரு பள்ளிக்குப் போனேன். இன்று அவள் வங்கியில் மேலாளர். நான் பள்ளிச் சமையலறையில் கலாலூக் கீரை கிண்டுகிறேன். அதையாவது பொறுத்துக்கொள்வேன். அவள் பேச்சைத்தான் பொறுக்க முடியாது.

"யாரும் எனக்கு எதையும் தூக்கிக் குடுக்கல, எர்லா. திறமை இருக்கறவ மேல வருவா, அவ்ளோதான்" என்பாள், ரொட்டிக் கடை வரிசையில் ஊரே கேட்க.

கெட்டவளாகவாவது இருந்து தொலைத்தாளா? புருஷன் டொபேகோவுக்குப் போனவன் போனவன்தான்; மகளை ஒற்றை ஆளாக வளர்த்தாள். எனக்குக் காய்ச்சல் என்றால் சூப்போடு வந்து நிற்பாள். சனியன், அது ருசியாகவும் இருக்கும்.

கார்னிவல் போட்டி மேடையில் இத்தனை பேர்தான் ஏறலாம் என்று கணக்கு உண்டு. முன்பெல்லாம் எங்கள் குழுக் கேப்டனின் மச்சான்கள் முதலில் ஏறிவிடுவார்கள். வெர்லின்தான் கூட்டத்தில் எழுந்து, "ஆளப் பாக்காதீங்க, வாசிப்பக் கேளுங்க" என்றாள். அன்றிலிருந்து, போட்டிக்கு முன்பு ஒருநாள் கேப்டன் கிளென்ராய் சுவரைப் பார்த்தபடி நாற்காலியைப் போட்டு உட்காருவார். ஒவ்வொருவராக வாசிக்க வேண்டும். அவர் கை உயர்ந்தால் மேடை கிடையாது. பான் வண்டி தள்ளப் போகலாம். வருடந்தோறும் வெர்லின் முன்வரிசையில். வருடந்தோறும் நான் வண்டிக்குப் பின்னால்.

இந்த வருடச் சோதனையில் ஒவ்வொருவராக வாசித்து முடிக்க, முன்வரிசையில் ஓர் இடம்தான் மீதி. மிஞ்சியது நாங்கள் இருவர். என் முழங்கால் இப்போதே முனகுகிறது. இந்த முறை இல்லையென்றால் இனி எனக்கு மேடை இல்லை என்பது எனக்கே தெரியும்.

பாட்டை அமைத்துத் தருபவர் கடைசிவரை எதையாவது மாற்றிக்கொண்டே இருப்பார். சோதனைக்கு முந்தின மாலை, நடுவில் வரும் சுர ஓட்டத்தைப் பிய்த்துப் போட்டு வேறு மாதிரி கட்டியிருந்தார். முற்றத்தில் இருந்தவர்கள் கற்றுக்கொண்டோம். வெர்லின் வங்கியிலிருந்து நேரே வீட்டுக்குப் போய், சொந்தப் பானில் பழைய ஓட்டத்தையே தேய்த்து மெருகேற்றிக்கொண்டிருந்தாள். சுவர் வழியாகக் கேட்டேன். அப்பழுக்கில்லை. ஆனால் அது பழையது. ஓடிப் போய்ச் சொல்ல நான் என்ன அவள் வேலைக்காரியா?

மறுநாள் எங்கள் இருவரில் அவள் முதலில் வாசித்தாள். நடு ஓட்டம் வந்ததும் கேப்டனின் கை உயர்ந்தது. அடுத்து நான். புது ஓட்டத்தை முழுசாக வாசித்தேன். கை உயரவே இல்லை.

கிளென்ராய் திரும்பினார். "கடைசியா வாசிச்சது யாரு? எர்லாவா? நெஜமாவா?"

அந்த 'நெஜமாவா'வை இன்னும் மறக்கவில்லை.

"அப்ப கை தூக்குனது யாருக்கு?"

"எனக்குத்தான்" என்றாள் வெர்லின்.

உடனே ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். "நேத்து மாத்துனது அவளுக்குத் தெரியாது கேப்டன்!" "பாவம், இன்னொரு வாட்டி குடுங்க!" இத்தனை வருடத்தில் எனக்கென்று ஒரு வாய் இப்படித் திறந்ததா? கால் மணி நேரம் கொடுத்தால் அவள் கற்றுவிடுவாள். என் இடம் போகப்போகிறது என்று கோலை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம்" என்றாள் வெர்லின். "எர்லா ஜெயிச்ச எடம் அது. எங்க வீட்டுல பான் இருந்துச்சு, அவ வீட்டுல இல்ல. இருந்திருந்தா எப்பவோ என்னத் தாண்டிப் போயிருப்பா."

முற்றமே கை தட்டியது. சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

போட்டியன்று சவானா மைதானத்தில் முன்வரிசையில் நின்றேன். ஒரு சுரம் பிசகவில்லை. குன்றுக்காரர்கள் கம்பி வேலியில் தொற்றிக்கொண்டு கத்தினார்கள். "அங்க பாருடா, வெர்லின் வண்டி தள்றா! என்னா மனசுடா!"

மேடை எனக்குக் கிடைத்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பான் விஷயம் என்னுடையது. ஒருநாள் அவள் முகத்துக்கு நேரே கேட்கவென்று சின்ன வயதிலிருந்து வயிற்றில் கட்டி வைத்திருந்தேன். அதையும் அவளே எடுத்துச் சொல்லி, கைதட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.