ஐந்து பிரதிகள்

தையல்காரம்மாவின் மூத்த மகளுக்குப் பதினேழு வயது. தெருவே அவளை வாயாடி என்றுதான் கூப்பிடும். கேள்வி கேட்கிற பெண்ணுக்கு நாம் தரும் பட்டம் அது. அதே கேள்வியைப் பையன் கேட்டால் அறிவாளி!

அவளுடைய தங்கை ஒன்பது நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை. எவனோ அவள் முகத்தை வேறோர் உடம்பின் படத்தில் ஒட்டி நான்கு பேருக்கு அனுப்பிவிட்டான். புகார் கொடுக்கலாமென்று கல்வி அலுவலகத்தில் படிவம் வாங்கி வந்தார்கள். "படத்தின் ஐந்து பிரதிகள் இணைக்கவும்" என்ற வரியைப் படித்ததும் தங்கை அதைக் கசக்கி எறிந்தாள்.

அதே அலுவலகம் மாணவர்களுக்கான இணையப் பாதுகாப்பு விதிகளைத் திருத்த ஒரு குழு அமைத்தது. ஒன்பது பேர், எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். மாணவர் சார்பில் வாயாடிக்கும் அழைப்பு வந்தது. எதற்கு? நன்றியுரை சொல்ல!

"நன்றியைச் சொல்லிட்டு வாயை மூடிட்டு வந்துடு" என்றாள் அம்மா, தையல் மிஷினை நிறுத்தாமலே.

"மூடின வாயால எப்படிம்மா நன்றி சொல்றது?"

குழுக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசினார்கள். புகார்ப் படிவம் அப்படியே தொடரலாம் என்று முடிவானது. தலைவர் கையெழுத்துப் போடக் குனிந்தார். "நீ நன்றி சொல்லும்மா."

எழுந்தாள். மேசையிலிருந்த படிவத்தைச் சுட்டிக்காட்டினாள்.

"எல்லாருக்கும் நன்றி ஐயா. இந்த அஞ்சு பிரதியை எங்க எடுக்கறது?"

"ஜெராக்ஸ் கடையிலதான்" என்றார் ஓரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த குமாஸ்தா.

"அப்போ கடைக்காரர் பார்ப்பார். அப்புறம் யார் சார்?"

"நான், கண்காணிப்பாளர், தலைமையாசிரியர்..." குமாஸ்தா விரல் மடக்கினார். பத்து விரலும் தீர்ந்து பதினோராவது ஆளுக்கு வந்தபோது அவர் குரல் உள்ளே போய்விட்டது.

"படத்தை ஒட்டினவன் நாலு பேருக்கு அனுப்பினான் சார். நீங்க பதினோரு பேருக்கு அனுப்பச் சொல்றீங்க."

தொலைந்த சான்றிதழுக்கான படிவத்தைப் பார்த்து எழுதியது அந்தப் புகார்ப் படிவம். அவமானத்துக்கும் சான்றிதழுக்கும் வித்தியாசம் தெரியாத மேசையிலிருந்து வேறென்ன பிறக்கும்?

"படமில்லாம எப்படிம்மா விசாரிக்கறது?" என்றார் தலைவர்.

"யார் கணக்கிலிருந்து, எப்போ வந்ததுன்னு எழுதினா போதும். பயிற்சி எடுத்த ஒரே ஒருத்தர், அந்தப் பொண்ணு பக்கத்துல இருக்கும்போது, அவ போன்லயே பார்க்கட்டும்."

"இதை யாரும் எங்ககிட்ட சொல்லலையே!"

"யாரும் கேட்கலையே ஐயா!"

தலைவர் சிரித்துவிட்டார். அந்த வரியை அடித்து, அவள் சொன்னதை ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். குழுவில் இனி மூன்று மாணவர்கள், வாக்குரிமையோடு என்றும் சேர்த்தார்!

திருத்திய படிவத்தின் பிரதி ஒன்றோடு வீட்டு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள் வாயாடி. "அந்த வரி போச்சுடி!"

அடித்திருந்த இடத்தைத் தங்கை விரலால் தடவிப் பார்த்தாள். "நிஜமா ஒருத்தர்தானா?"

"ஒருத்தர்தான். நீ பக்கத்துல இருப்பே."

பிறகு படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, பெயர் எழுதும் கட்டத்தில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள் தங்கை.