கற்பூர வாசம் பிடிக்காத பாம்பு

இதை எழுதலாமா, வேண்டாமா என்று சில வருடங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். கோவிலில் என்னோடு பூக்கட்டுகிற பெண்களில் பாதிப்பேர் சிரிப்பார்கள், மீதிப்பேர் கும்பிடுவார்கள். இரண்டுக்கும் பயந்துதான் பேசாமல் இருந்தேன். நான் பெரிதாகப் படித்தவளும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்ல மட்டும் தெரியும்.

தாதிப் படிப்பில் இருந்த என் மகள், எல்லிங்ஸ்ருட்டில் ஒரு நொர்வேஜியப் பெண்ணிடம் பாம்பொன்றை வாங்கிக்கொண்டு, ஹவுகெட்டோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். செம்மஞ்சள் நிறம், விஷமில்லாத சாதி, என் பெருவிரல் தடிப்பு.

"இஞ்சரப்பா, உம்மட மகள் நாகதம்பிரானைப் பெட்டிக்குள்ளை வைச்சுக் கொண்டுவந்திருக்கிறாள்!" என்று கணவர் கூப்பிட்டார். நான் ஓடிவந்து முதலில் கும்பிட்டேன். பிறகுதான் கத்தினேன்.

மாரிகாலம் தொடங்கியதும் மகள் பயிற்சிக்காக நாட்டின் வடகோடியில் இருக்கும் ஹம்மர்பெஸ்டுக்குப் போகவேண்டும். அவ்வளவு தூரம் பாம்பைக் கொண்டுபோக முடியாது.

"அம்மா, நான் வரும்வரைக்கும் பார்ப்பீங்களோ? உங்கட கைக்கு அது பழகவேணும். பழகாட்டில் திருப்பிக் குடுக்கத்தான் வேணும்" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கியது.

"ஓம் பிள்ளை" என்றேன். பாம்பின் சாப்பாடான உறைந்த எலியை இளக்கி இடுக்கியால் கொடுக்கிற வேலையைக் கணவர் எடுத்துக்கொண்டார். தூக்கிப் பழக்குவது என் பங்கு.

புதிய வீட்டில் அது ஒழுங்காகச் சாப்பிடும்வரை தொடாமல் விட்டோம். அதன்பிறகு மகள் காட்டித் தந்தாள். "மேலை இருந்து கை போடாதேங்கோ, பருந்து எண்டு நினைக்கும். பக்கத்தாலை விட்டு நடு உடம்பைத் தாங்குங்கோ. இறுக்கிப் பிடிக்காதேங்கோ, அது சாப்பிட்ட உடனை தூக்காதேங்கோ."

அவள் சொன்னபடிதான் செய்தேன். ஆனால் அவள் கையில் கொடிபோலச் சுற்றுகிற பாம்பு, என் கை உள்ளே போனதும் வாலைப் படபடவென்று அடித்துக்கொண்டு மரப்பட்டைக்கு அடியில் ஒளிந்துவிடும்.

என்னில்தான் ஏதோ சுத்தக் குறைவு என்று நினைத்தேன். அதன்பிறகு தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, விபூதி பூசிய கையோடுதான் பெட்டியைத் திறப்பேன். சாம்பிராணிப் புகையையும் அந்தப் பக்கம் ஒருதரம் காட்டுவேன். பாம்பு இன்னும் மோசமாகப் பயந்தது.

"நீர் பூசை செய்து எழுப்பிறீர், அது படுக்கப் பாக்குது" என்று கணவர் சிரித்தார்.

"சும்மா இருங்கோப்பா" என்றேன். ஆனால் மகள் போகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லிங்ஸ்ருட் பெண்ணுக்கு அவள் தொலைபேசி எடுத்து, பாம்பைத் திருப்பித் தருவது பற்றிக் கதைத்ததும் என் காதில் விழுந்தது.

அந்த நேரத்தில் ஊரில் கணவரின் சித்தப்பா காலமானார். எங்களுக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. சாமித்தட்டின் திரையை இழுத்து மூடினேன். விளக்கில்லை, கற்பூரமில்லை, விபூதியில்லை. துடக்கோடு பாம்பைத் தொடவே கூடாது என்று இருந்தேன். ஆனால் ஒருநாள் மகள் வகுப்பில், கணவர் வேலையில். பாம்பு தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து, பெட்டி முழுக்க ஈரமாகிவிட்டது. அப்படியே விட மனம் கேட்கவில்லை.

"அப்பனே, பொறுத்துக்கொள்" என்று சொல்லிக் கையை விட்டேன். பாம்பு ஓடவில்லை. நாக்கை நீட்டி நீட்டி என் விரல்களைத் தடவிப் பார்த்தது. பிறகு தானாகவே உள்ளங்கையில் ஏறி, மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. நான் நிலத்தில் இருந்துவிட்டேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

பின்னேரம் மகளிடம் சொன்னேன்.

"அம்மா, அது நாக்காலைதான் மணம் பிடிக்கிறது. இவ்வளவு நாளும் கற்பூரக் கடையையே கையிலை கொண்டுபோயிருக்கிறீங்கள்!"

துடக்குக் கழிந்தபிறகு ஒழுங்கை மாற்றிவிட்டேன். குளித்ததும் வாசமில்லாத சவர்க்காரத்தால் கை கழுவிப் பாம்பு. பிறகு மறுபடியும் கை கழுவிச் சாமி. சாம்பிராணி போடும்போது, பாம்புப் பெட்டி இருக்கும் மகளின் அறைக் கதவு பூட்டியிருக்கும். இறைவன் காத்திருப்பான், அவன் படைத்ததுதானே அதுவும். இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

மகள் ஹம்மர்பெஸ்டுக்குப் போனாள். பாம்பு எங்கும் போகவில்லை. வீடியோவில் அவள் கூப்பிடும்போது என் கையில் சுற்றியபடியே காட்டுவேன். "என்னை மறந்திட்டுது போல" என்று பொய்க்கோபம் காட்டுவாள்.

வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை யாருக்காவது சொல்லுங்கள், ஆனால் உள்ளபடி சொல்லுங்கள். பாம்பு பால் குடித்தது, விபூதிக்குக் கட்டுப்பட்டது என்று ஒன்றையும் சேர்க்கவேண்டாம். துடக்கையும் கை கழுவினதையும் விட்டுவிடவும் வேண்டாம்.