குழிக்குள் தேங்கிய வாயு

கூட்டேரிப்பட்டில் நெடுஞ்சாலையோரம் இருக்கும் எங்கள் லாரி ஒர்க்‌ஷாப்பில் ஆயுத பூசை என்றால் என் கணவருக்குத் தலைகால் புரியாது. ஸ்பேனர், ஜாக்கி, வெல்டிங் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். போன வருடம் தீயணைப்பு சிலிண்டரையும் அவர் விடவில்லை. சுவரிலிருந்து இறக்கி, பிடி அமுங்காதபடி செருகியிருந்த பூட்டுப் பின்னைக்கூடக் கழற்றி, சோப்பு போட்டுத் துடைத்தார். திரும்பச் செருகவில்லை. அந்தப் பின் இல்லாவிட்டால் பிடியைத் தூக்கினாலே அமுங்கித் திறந்துகொள்ளும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பூசை மும்முரத்தில் புத்தி புல் மேயப் போயிருந்தது.

அது பழைய இரும்புக் கடையில் எடுத்த, ஹாலான் என்ற வாயு அடைத்த சிலிண்டர். அந்த வாயுவை இப்போது புதிதாகச் செய்வதில்லையாம். எஞ்சினில் தீப்பிடித்தால் துளித் தூள் சிந்தாமல் அணைத்துவிடும் என்று அவருக்கு அதன்மேல் பாசம். காற்றைவிடக் கனமானது, பள்ளம் தேடிப் போய்த் தேங்கும் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

லாரிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் குழியில்தான் எங்களுக்கு முதல் கற்பூரம். அவர் உள்ளே இறங்கி அதை ஏற்றினார். பிறகு குழிக்குள் நின்றபடியே, விளிம்பில் இருந்த சிலிண்டரையும் பூசையில் வைக்க, பிடியைப் பற்றித் தூக்கினார். புஸ்ஸென்று சத்தம். அவர் அதைக் கீழே போடுவதற்குள் குழி முழுக்க வெண்புகை. கற்பூரம் அணைந்தது. சற்று நேரத்தில் புகை கலைந்து, உள்ளே ஒன்றுமே இல்லாதது போலத் தெரிந்தது. அதுதான் என்னை ஏமாற்றியது. லேசான இனிப்பு வாசனை, அதோடு மூக்கைக் குத்தும் ஒரு நெடி. அவர் குடித்தவர் போலத் தள்ளாடினார். படியைப் பிடிக்கப் போன கை வெறும் சுவரைத் தடவியது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் இறங்கப் போனேன். எங்கள் வெல்டர் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"எறங்காதீங்க அண்ணி. உள்ள காத்து இல்ல. நீங்களும் உழுந்துடுவீங்க."

அவரை அறையலாம் போல இருந்தது. ஆனால் அவர்தான் காற்றடிக்கும் கம்ப்ரசர் குழாயைத் திறந்து குழிக்குள் எறிந்தார். வேலையாட்கள் இரண்டு பேர் குழி விளிம்பில் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, என் கணவரை அக்குளில் பிடித்து மேலே இழுத்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது.

திண்டிவனம் போகும் ஆம்புலன்ஸில், மார்பில் ஒயர்களை ஒட்டிய ஊழியர் என் காதோரம் குனிந்தார். இந்த வாயு இதயத்தைச் சட்டென்று மிரளும்படி செய்துவிடும், இப்போது அவர் பயந்தாலோ பதறினாலோ துடிப்பு தாறுமாறாகும், நின்றே போகலாம் என்றார். அழக் கூடாது என்றும் சொன்னார்.

கண் திறந்தவர் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்து, ஒன்றுமில்லைங்க, எல்லாம் சரியாகிவிடும் என்று மெதுவாகச் சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அப்படிக் குழைந்து பேசியதே இல்லை. அவர் கண்கள் விரிந்தன. மானிட்டரின் சத்தம் தடுமாறி ஓடியது.

"நான் பொழைக்க மாட்டனா?" என்றார்.

கையை உதறினேன்.

"பொழைக்காம எங்க போறீங்க? புதுச் சட்ட பூரா கிரீஸப் பூசிக்கினு வந்து படுத்துக்கினு இருக்கீங்க, அத யாரு தொவைக்கிறது? கம்முனு கண்ண மூடுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மானிட்டர் கொஞ்சம் கொஞ்சமாகச் சீரானது. ஆஸ்பத்திரி வாசல் வரை அவரைத் திட்டிக்கொண்டே போனேன். நிறுத்தப் பயமாக இருந்தது.