சைன் டீச்சரும் இரண்டாவது விடையும்

விடை வந்துவிட்டதென்று பேனாவை மூடும் மாணவனைக் கண்டால் சைன் டீச்சருக்குப் பொறுக்காது. நேரே போய் மூடியைக் கழற்றி அவன் கையிலேயே கொடுப்பார். "நூத்தி எண்பதுலேர்ந்து கழிச்சுப் பாத்தியா? அதுக்குள்ள என்ன அவசரம்?"

பக்கத்தை அதன் எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்தால் மூன்று பக்கத்துக்கும் ஒரே எண் வரும். இந்த சைன் சூத்திரத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் அவர் உயிரை விடுவது அதன் வில்லங்கத்துக்குத்தான். இரண்டு பக்கங்களும் அவற்றுக்கு இடையில் இல்லாத ஒரு கோணமும் கொடுத்தால், சில சமயம் இரண்டு முக்கோணங்கள் அமையும். கோணம் 30 பாகை, அதன் எதிர்ப்பக்கம் 5, இன்னொரு பக்கம் 8 என்றால், அந்த எட்டுக்கு எதிரே ஏறக்குறைய 53 பாகையும் சரி, அதை 180இலிருந்து கழித்தால் வரும் 127 பாகையும் சரி. விடைக்குறிப்பில் 53 மட்டும் இருந்ததற்காகத் தலைமையாசிரியரோடு மல்லுக்கட்டி, மொத்த வகுப்பின் தாள்களையும் மறுபடி திருத்தவைத்தவர்.

வீட்டில் ஆள் வேறு. தங்கை சில மாதங்களாகப் போனை எடுக்கவில்லை. எப்போதாவது 'வேலை இருக்கு' என்று ஒரு குறுஞ்செய்தி வரும், அவ்வளவுதான். டீச்சர் நொடியில் கணக்கை முடித்து, குரல்பதிவு அனுப்பித் திட்டியும் விட்டார்.

"நாம புது வீட்டுக்கு வந்ததுல அவளுக்கு வயித்தெரிச்சல். வேறென்ன?"

"வேற காரணமும் இருக்கலாமே," என்றார், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் கணவர்.

"கூடப் பொறந்தவ நான். எனக்குத் தெரியாதா?"

கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் மச்சினி வீட்டுக்குப் போய்வந்தார்.

"உன் தங்கச்சிக்கு இடது காது சுத்தமா போச்சு. வலதும் மந்தம். போன்ல பேசினா ஒண்ணும் புரியலையாம். உன்கிட்ட சொல்ல வெக்கம்."

மடித்துக்கொண்டிருந்த துணி டீச்சரின் மடியிலேயே கிடந்தது. "நான் திட்டினது எதுவும் கேட்டிருக்காதுல்ல?"

"மெசேஜ்லயும்தான் திட்டியிருக்கியே. கண்ணு நல்லாத்தான் இருக்கு அவளுக்கு."

மறுநாள் டீச்சர் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினார். தங்கை கதவைத் திறந்து உட்காரச் சொன்னாள். டீச்சர் அவளுக்கு இடப்புறம் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், வழியெல்லாம் ஒத்திகை பார்த்த மன்னிப்பைத் தரையைப் பார்த்து ஒப்பித்தார். ஒரு தப்புகூட இல்லை, குரல்கூட ஓரிடத்தில் தழுதழுத்தது. தங்கை பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் கேட்டாள்:

"டீக்கு சக்கரை போடலாமாக்கா, இல்ல இன்னும் வேண்டாம்னுதான் சொல்றியா?"

டீச்சர் எழுந்தார். நாற்காலியைத் தூக்கித் தங்கையின் வலப்புறம் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து ஆரம்பித்தார், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலுக்கு வரும் அளவுக்குச் சத்தமாக.