உப்புப் பார்க்கிற மூக்கு

பிசியோதெரபி என்றால் முழங்காலும் முதுகும்தான் என்று நம்பி, நோர்வேயில் இருபது வருசம் பழகிய கைகளோடு ஊர்காவற்றுறைக்குத் திரும்பினேன். இங்கே மூக்கும் வந்து சேர்ந்தது. "இப்ப எப்பிடி இருக்கு?" என்று கேட்டே வயிறு வளர்க்கும் என் தொழிற்காரரே, உங்களிடம்தான் இதைச் சொல்லி ஆறவேணும்.

ஜெல் பூசினேன்

பொன்னையா அண்ணை சரவணைக்காரர், கோயில் மடைப்பள்ளிச் சமையல். தீராத பீனிசத்தில் மூக்கு அடைத்து, மணம் பிடிக்கிற சக்தி அறவே போய்விட்டது. காது மூக்கு டொக்டர் ஸ்பிறே கொடுத்து, கூடவே அல்ட்ராசவுண்ட் ஒலியலைச் சிகிச்சையும் பிடித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் அனுப்பினார். "கட்டாயம் சுகம் வருமெண்டு சொல்ல ஏலாது அண்ணை" என்று முதலிலேயே சொல்லிவிட்டு, கன்னத்தில் ஜெல் பூசிக் கருவியின் தலையை வட்டமாக உருட்டினேன். மனிசியின் பிள்ளைப்பேற்றுக் காலத்தில் இதே ஜெல்லைப் பார்த்தவர் போலும். ஒற்றைக் கண்ணைத் திறந்து கேட்டார்:

"என்ன தம்பி, பெடியனோ பெட்டையோ?"

வெறும் போத்தல்

கிழமைக்கொருமுறை கண்ணைக் கட்டிவிட்டுக் கோப்பி, கராம்பு, மண்ணெண்ணெய் என்று மூன்று போத்தல்களை மூக்கருகே பிடிப்பேன். மூன்றாம் கிழமையே மூன்றுக்கும் "ஓம், மணக்குது" என்றார். எனக்குத் தலை கால் தெரியவில்லை. டொக்டருக்குப் போன் எடுக்கக் கை போனது. ஏதோ ஒரு சந்தேகத்தில் நாலாவதாக வெறும் போத்தலைப் பிடித்தேன். "ஆ, அருமையான மணம்!" கட்டை அவிழ்த்துப் போத்தலைக் காட்டினேன். கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

"வெளிநாட்டை விட்டுப்போட்டு வந்து என்ரை மூஞ்சியைத் தடவுறீர். இல்லையெண்டு சொன்னா உமக்கு மனவருத்தமெல்லோ?"

மனேச்சரின் ஆகமம்

சாமிக்குப் படைக்கிறதை முதலில் நாக்கில் வைக்கக்கூடாது. பொங்கிவரும் ஆவியை மோந்துதான் அண்ணை உப்பும் புளியும் பார்ப்பார். ஒரு வெள்ளிக்கிழமை பருப்பு அடிப்பிடித்தது. அவரைத் தவிர வீதி முழுக்கத் தெரிந்தது. கோயில் மனேச்சர் நேரே என் கிளினிக்குக்கு வந்தார். திருவிழாவுக்குள் மணம் வராவிட்டால் வேறு ஆள் பார்ப்பாராம். போகிற போக்கில் ஒரு ஆகமமும் சொன்னார்: படையலை மணந்து பார்க்கிறதும் குற்றம். சிகிச்சைக் கட்டிலில் கிடந்த அண்ணை ஜெல் வழியும் கன்னத்தோடு எழும்பி இருந்தார்.

"அப்ப முப்பது வருசமா நான் மோந்த மிச்சத்தையோ சாமிக்கு வைச்சனீங்கள்?"

மரியாதை போன நாள்

இரண்டு மாதத்தின் பின் ஒருநாள், நான் குனிந்து கருவியை வைத்ததும் என் சட்டைக்கருகிலிருந்த முகத்தை அப்பால் திருப்பினார். ஸ்பிறே செய்ததோ மெசின் செய்ததோ, நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் அது உபசாரப் பேச்சில்லை என்பது மட்டும் நிச்சயம்.

"தம்பி, இந்தச் சேட்டைத் தோய்ச்சு எத்தினை நாள்?"

உபய நெய்

திருவிழாவுக்கு மனேச்சர் தன் உபயமாக நெய் டின்கள் இறக்கினார். மூடியைத் திறந்த அண்ணை, "காறல், பழுதாப்போன நெய்" என்று சொல்லி, அத்தனையையும் சனம் பார்க்க வெளியில் அடுக்கிவிட்டார். வேறு நெய் வந்த பிறகுதான் அடுப்பு மூட்டினார். அடுத்த நாள் காலமை மனேச்சர் என் வாசலில்.

"ஆரைக் கேட்டு அந்தாளின்ரை மூக்கைத் திறந்துவிட்டனீர்?"

நம் தொழிலில் சுகம் வராவிட்டால் மெசினில் பிழை, வந்துவிட்டால் நம்மில் பிழை.