நியூட்ரல்

அந்த லாரி ஷெட்டில் எல்லோரும் அவரை மைலேஜ் என்றுதான் கூப்பிடுவார்கள். டீசலை அவ்வளவு சிக்கனமாக ஓட்டியவர் அங்கே வேறு யாரும் கிடையாது. மலைமேல் இருக்கும் ஆலையில் சிமெண்ட் ஏற்றித் துறைமுகத்தில் இறக்குவது வேலை. இறக்கம் வந்ததும் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, பாரத்தின் வேகத்திலேயே உருட்டிக்கொண்டு வருவார். ஆபத்தான பழக்கம், சொன்னால் கேட்கிற ஆளா? வருஷா வருஷம் சிக்கனப் பரிசு அவருக்குத்தான். வீட்டில் பரிசாக வந்த சுவர்க்கடிகாரங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டின.

அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன், அதே ஷெட்டில் டிரைவர். பட்டப்பெயர் பிரேக். தூரத்தில் ஒரு பூனை நின்றால்கூட ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிற மனிதன். டீசல் குடிப்பதில் அவன் வண்டிக்கு ஈடில்லை. குடும்பம் கூடும்போதெல்லாம் இதைச் சொல்லிக்காட்டாமல் மைலேஜ் சாப்பிட்டுக் கை கழுவியதில்லை.

அப்படிப்பட்டவனிடம் போய் முதலாளி புது மின்சார லாரியைக் கொடுத்தார். டீசலை மிச்சம் பிடிக்கிறவர் டீசல் வண்டியில் இருந்தால்தானே லாபம், குடிக்கிறவனுக்குக் கரண்டைக் கொடுத்தால் போச்சு என்று காரணமும் சொன்னார். யோசித்துப் பார்த்தால் பாராட்டுதான். ஆனால் மைலேஜுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அது லாரியா மிக்ஸியா என்று கேட்டுப் பார்த்தார். பேட்டரி கனமே சில டன், அந்த அளவுக்கு சிமெண்ட் குறைகிறதே என்று முதலாளி காதில் போட்டார். முதலாளி அசையவில்லை. விலை டீசல் லாரியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்தான். ஆனால் ஓட்டுகிற செலவு பாதிகூட இல்லை. அதிலும் இந்தப் பாதையில் பாரத்தோடு இறங்குகிறது, காலியாக ஏறுகிறது. நிற்காமல் ஓடினால் போட்ட பணம் வந்துவிடும். "நின்னாதான் நஷ்டம். வண்டி நிக்கும், தவணை நிக்காதே" என்றார்.

வீட்டில் வேறு வேதனை. கொழுந்தியாள் வந்து உட்கார்ந்து, தன் வீட்டுக்காரர் சட்டையில் இப்போது டீசல் வாடையே இல்லை, காது இரைச்சலும் நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள். மைலேஜின் மனைவி அவருடைய சட்டையை சோப்புத் தண்ணீரில் அமுக்கி, எடுத்து மோந்துபார்த்துவிட்டு மறுபடி அமுக்கினாள். அதுதான் உறைத்தது.

இரண்டாவது மின்சார லாரி வருகிறது என்றதும் மைலேஜ் தானே போய்க் கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். முதலாளி பரீட்சை வைத்தார்: சகலையின் வண்டியில் ஒரு நடை போக வேண்டும், கீழே சார்ஜ் போடாமல் மேலே வந்து சேர வேண்டும். சேர்ந்தால் புது வண்டி அவருக்கு.

பிரேக் சாவியைக் கொடுத்துவிட்டு, "அண்ணே, இறக்கத்துல கால எடுத்தாலே போதும். மோட்டாரே வண்டிய இழுத்துப் பிடிச்சு, அந்த வேகத்துல பேட்டரிய ஏத்திக்கும். நியூட்ரல் மட்டும் போட்டுடாதீங்க" என்றான்.

மைலேஜ் தலையாட்டினார். மனசு வேறு கணக்குப் போட்டது. மொடாக் குடியாக டீசல் குடித்தவன் எனக்குச் சிக்கனம் சொல்லித் தருகிறானா? நான் ஜெயித்துவிடக் கூடாதென்று குழப்பிவிடப் பார்க்கிறான், பொறாமை பிடித்தவன். யார் யாரைச் சொல்வது பாருங்கள்!

இறக்கம் வந்தது. நியூட்ரலைப் போட்டார். வண்டி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஓட, பிரேக்கை மிதித்து மிதித்துச் சமாளித்தார். இறக்கத்தில் ஏற வேண்டிய சார்ஜெல்லாம் பிரேக்கின் சூட்டில் வீணாய்ப் போனது. சிமெண்டை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பாதி ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. தாண்டிப் போன ஒவ்வொரு டிரைவரும் தலையை நீட்டி அன்பாக விசாரித்தான்.

பிரேக் இழுவை வண்டியோடு வந்தான். கிண்டல் செய்வான் என்று காத்திருந்தார், செய்யவில்லை. தனக்கும் முதலில் பழகவில்லை என்றான். அவருக்கு இன்னொரு நடை கொடுக்கும்படி முதலாளியிடம் தானே பேசுவதாகச் சொன்னான். கிண்டல் செய்திருந்தால்கூட மைலேஜ் மன்னித்திருப்பார்.

பேசினான்தான். பலிக்கவில்லை. புது வண்டி வேறொருவனுக்குப் போனது. மைலேஜ் அதே டீசல் லாரியில், பெரும்பாலும் சகலையின் வண்டிக்குப் பின்னாலேயே மலை இறங்குகிறார். நியூட்ரல் போடுவதை விட்டுவிட்டார். அதில் இப்போது ருசி இல்லை.

ஒருநாள் சோற்றை அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தவரிடம் மனைவி, உடம்புக்கு என்ன என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. ரெண்டு பேருக்கும் ஒரே இறக்கந்தான்" என்றார். "அவனுக்கு ஏறுது, எனக்கு எரியுது."